ஹாஸ்டல் அறைகளில் பூட்டிக் கிடக்கும் அமானிதம்

2020 மார்ச் 16-ஆம் தேதி தமிழக அரசின் அறிவிப்பு வந்தது. பள்ளி, கல்லூரிகள், திரையரங்குகள், வணிக வளாகங்கள் எல்லாம் மார்ச் 31 வரை மூடப்படும் என்றார்கள். சென்னையில் தங்கிப் படித்த பிள்ளைகள் உடனே கோயம்பேட்டுக்கும் எழும்பூருக்கும் கிளம்பினார்கள். பதினைந்து நாள் லீவுதானே என்று தோளில் ஒரு பை, அதில் நாலு துணி, செல்போன் சார்ஜர். மற்றதெல்லாம் அறையிலேயே. அலமாரிக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ஒரு பூட்டு.

அந்தப் பதினைந்து நாள் செப்டம்பர் வந்தும் முடியவில்லை. 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 24 மாலை 6 மணிக்கு 144 தடை, 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மாதங்கள் ஐந்தரை ஓடிவிட்டன. ரமளான் போனது, இரண்டு பெருநாட்களும் வீட்டுக்குள்ளேயே போயின. கிண்டியிலும் அடையாறிலும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அந்தப் பூட்டுகள் அப்படியே தொங்கின. சில இடங்களில் அவை தொங்கவில்லை என்பதுதான் இப்போது பேச வேண்டிய விஷயம்.

2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கு இடையே இ-பாஸ் தேவையில்லை என்றானது. அதே மாதம் 7-ஆம் தேதி, திங்கட்கிழமை முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்தும், மாநிலத்துக்குள் பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கின. பிள்ளையின் பெட்டியை எடுத்து வருவதற்காகவே பல பெற்றோர் சென்னைக்கு வரவிருந்தார்கள். எந்த வாசலில் போய் என்ன கேட்பது, என்ன பதில் வந்தால் ஏற்பது, எதை ஏற்கக் கூடாது என்பது தெரிந்து வருவது நல்லது.

"உயிரே போகிற காலத்தில் பெட்டி படுக்கைக்கு ஒரு கட்டுரையா ஹஜ்ரத்?" என்று ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மார்க்ஷீட் இருக்கிறது. சாதிச் சான்றிதழும் வங்கிப் பாஸ்புக்கும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறது. அந்த வீட்டில் அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். அது கிண்டியில் பூட்டிக் கிடக்க, அத்தாவின் செல்போனில் ஆன்லைன் வகுப்பு கேட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். அத்தா கடைக்குப் போனால் வகுப்பும் கூடவே போய்விடும்.

இதற்கிடையில் இறுதியாண்டுத் தேர்வுகளைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6-இல் சொன்னது. ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றமும் தேர்வு இல்லாமல் பட்டம் தர முடியாது என்று சொல்லிவிட்டது. மூன்று வாரம்தான் மீதி இருந்தது. நோட்டும் ரெக்கார்டும் எங்கே? சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகையைப் புதுப்பிக்கும் காலமும் அதுவே. மார்க்ஷீட் நகலும் பாஸ்புக் நகலும் வேண்டியிருந்தன. வசதியான வீட்டுப் பிள்ளை இன்னொரு லேப்டாப் வாங்கிக்கொள்ளும். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைக்கு அந்த இரும்புப் பெட்டிதான் படிப்பே.

இந்தப் பிரச்சினை வெளியே தெரிந்தது ஜூன் மாதம், அண்ணா பல்கலைக்கழகத்தில். சென்னையில் தொற்று மளமளவென்று ஏறிய நேரம் அது. ஜூன் இறுதியில் நகரத்தின் மொத்த எண்ணிக்கை 58 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நோய் உறுதியானவர்களைத் தனிமைப்படுத்த இடம் வேண்டும் என்று மாநகராட்சி ஆணையர் ஜி. பிரகாஷ், விடுதிகளை ஜூன் 20-க்குள் ஒப்படைக்கும்படி பல்கலைக்கழகத்திடம் கேட்டார். துணைவேந்தர் எம்.கே. சூரப்பா தயங்கினார். அறைகளில் மாணவர்களின் லேப்டாப்பும் சான்றிதழ்களும் இருக்கின்றன, அவர்களோ ஊர்களில் இருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சில நாள் இழுபறிக்குப் பின் பல்கலைக்கழகம் இணங்கியது. விடுதி கோவிட் சிகிச்சை மையமானது.

அப்போது சமூக ஊடகங்களில் இரண்டு கட்சி கிளம்பியது. துணைவேந்தருக்கு நோயாளிகளின் மேல் இரக்கமில்லை என்றது ஒன்று. மாநகராட்சிக்கு மாணவர்களின் மேல் அக்கறையில்லை என்றது மற்றொன்று. சூரப்பா அவர்களுக்கும் மாநில அரசுக்கும் ஏற்கெனவே இருந்த உரசல் இதில் எண்ணெய் ஊற்றியது. நாம் இரண்டு பக்கமும் சேரவில்லை. மயிலாப்பூரின் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அவரை எங்கே தனியாக வைப்பது? மாநகராட்சி இடம் கேட்டது சரி. மாணவர் ஊரில் இருக்க அவர் பூட்டை யார் திறப்பது என்று கேட்டதும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் ஒரு நடைமுறை இருந்திருக்க வேண்டும். அது மார்ச் மாதமே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல், மே என்று இரண்டு மாதம் கையில் இருந்தது.

ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பசியால் உயிர் போகும் நிலையில் இருப்பவன் அடுத்தவர் உணவை அனுமதியின்றி எடுத்துச் சாப்பிடலாம், பாவமில்லை. ஆனால் அதன் விலையைப் பின்னால் கொடுத்தாக வேண்டும். நிர்ப்பந்தம் பாவத்தை நீக்குகிறது, பொருளுக்குரியவரின் உரிமையை நீக்குவதில்லை. மத்ரஸாவில் இதை ஓதியபோது நமக்கு வறண்ட பாடமாகத் தெரிந்தது. ஜூன் மாதம் செய்தித்தாளில் இதே பாடத்தைக் கண்டோம்.

நாட்டின் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 65-ஆம் பிரிவில், தேவைப்படும் கட்டடத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அதிகாரிகளுக்குத் தருகிறது. அதை அடுத்த 66-ஆம் பிரிவு இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. இடம் மாற வேண்டி வந்தால் அதற்கான நியாயமான செலவும் அதில் உண்டு. அந்த இழப்பீடு யாருக்கு? எடுத்துக்கொள்வதற்கு முன் அந்த இடத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு, அப்படி யாரும் இல்லையென்றால் உரிமையாளருக்கு. ஹாஸ்டல் வாடகை கட்டி, தன் பூட்டைப் போட்டு, சாவியை ஊருக்கு எடுத்துப்போன மாணவன் அந்த அறையைக் 'கையில் வைத்திருந்தவன்' ஆவானா? வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய கேள்வி. நம் சமுதாயத்தில் வழக்கறிஞர்களுக்குக் குறைவில்லை. யாராவது ஒருவர் இதை எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொரு சட்டமும் உண்டு, அது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவரின் பொருள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டால், சராசரி விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு காப்பானோ அவ்வளவு கவனத்தோடு அதைக் காக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. 'உங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டு எந்த ஹாஸ்டல் வாசலிலும் தொங்கும். சாவி மாணவனிடம் இருக்கும்வரை அந்த போர்டுக்கு ஓரளவு நியாயம் இருக்கலாம். நிர்வாகமே பூட்டை உடைத்துப் பொருளை எடுத்து மூட்டை கட்டிய நொடியில் கதை மாறிவிடுகிறது. அப்போது அது நிர்வாகத்தின் கையில் வந்த அமானிதம். அமானிதம் வைத்திருப்பவர் அத்துமீறினாலோ அலட்சியம் செய்தாலோ ஈடு கொடுக்க வேண்டும் என்பதே நம் இமாம்கள் சொன்னதும்.

உலகம் முழுக்க இந்தச் சிக்கல் வந்தது. மார்ச் 10-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் மாணவர்களை 15-ஆம் தேதிக்குள் விடுதியைக் காலி செய்யச் சொன்னது. ஐந்து நாளா என்று அங்கே பெரும் கூச்சல். நம் பிள்ளைகளுக்கு ஐந்து நாளும் கிடைக்கவில்லை, காலி செய்கிறோம் என்பதும் தெரியாது. சீனாவின் வூஹானில் பிப்ரவரியில் ஒரு தொழிற்கல்லூரியின் விடுதி நோயாளிகளுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாணவர்களின் பொருட்களைக் குப்பைபோல் வாரிக் கொட்டிய படங்கள் பரவின. அவ்வளவு இறுக்கமான ஆட்சியிலும், நோயின் நடு மையத்திலும், அந்தக் கல்லூரி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தைப் பற்றியாவது செய்தி வந்தது. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு தெருக்களில் உள்ள தனியார் லேடீஸ் ஹாஸ்டல்களையும் பி.ஜி.களையும் பற்றி யார் எழுதினார்கள்? நம் பெண் பிள்ளைகளில் பலர் கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் இவற்றில்தான் தங்குகிறார்கள். மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் இட்ட உத்தரவில், தொழிலாளர்களையும் மாணவர்களையும் காலி செய்யும்படி கட்டாயப்படுத்தும் வீட்டு உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. ஊரிலிருக்கும் மாணவியை யாரும் கட்டாயப்படுத்தவில்லைதான். அவள் கட்டிலைத்தான் காலி செய்தார்கள்.

ஜூலை நடுவில் தஞ்சை மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்கு போன் செய்தார். நம் பள்ளிவாசல் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள். "ஹஜ்ரத், மாசக் கடைசிக்குள்ள வந்து எடுக்கலேன்னா சாமானையெல்லாம் மொட்டை மாடியில போட்டுருவாங்களாம். நாலு மாச வாடகையும் கேக்குறாங்க. புள்ளை ராவெல்லாம் அழுவுது" என்றார். மகள் தி.நகரில் ஒரு தனியார் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். அத்தா வளைகுடாவில். இ-பாஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டும் நிராகரிக்கப்பட்டிருந்தது. திருமணம், மரணம், மருத்துவம் என்ற காரணங்களுக்கே பாஸ் கிடைத்த காலம் அது. 'பெட்டி எடுக்க' என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. பாஸை விலைக்கு விற்ற புரோக்கர்கள் கைதான செய்திகளும் வந்துகொண்டிருந்தன. அவர்களிடம் போக வேண்டாம் என்று அந்தத் தாயிடம் சொன்னோம்.

நாம் ஹாஸ்டல் நடத்துபவரிடம் பேசினோம். அவரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டோம். கட்டடமே அவருக்கு வாடகைக்குத்தான். சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார், கட்டட உரிமையாளர் விடவில்லை. இரண்டு தளத்தில் ஒன்றையாவது திருப்பிக் கொடுத்துவிட்டால் பிழைப்பேன் என்றார். பேசிப் பேசி, தங்காத மாதங்களுக்குப் பாதி வாடகை என்று முடிந்தது. முழு வாடகை கேட்பது அநியாயம் என்பது நம் கருத்து. ஒன்றுமே தர மாட்டோம் என்பதும் சரியில்லை, பொருள் அங்கே இடத்தை அடைத்துக்கொண்டுதானே இருந்தது?

அந்தப் பெண்ணின் உடைகளை அந்நிய ஆண்கள் தொட்டு மூட்டை கட்டுவதைத் தாய் விரும்பவில்லை. எந்தத் தாய் விரும்புவார், எந்த மதத்தவரானாலும்? நம் வீட்டாரும் மஹல்லாவைச் சேர்ந்த இரண்டு சகோதரிகளும் முகக்கவசம், கையுறையோடு போனார்கள். வீடியோ காலில் மகள். பூட்டை உடைப்பதிலிருந்து கடைசி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொருளையும் காட்டி, அவள் தலையசைத்த பிறகு தாளில் எழுதி, பெட்டியில் வைத்தார்கள். சான்றிதழ் ஃபைல் மெத்தைக்கு அடியில் இருந்தது. அவள் சொல்லாமல் யாருக்கும் தெரிந்திருக்காது, மெத்தையோடு மொட்டை மாடிக்குப் போயிருக்கும். டப்பாவில் இருந்த முறுக்கு எறும்புக்கு ரிஸ்க் ஆகியிருந்தது. முஸல்லாவில் பூஞ்சை. நாலு அட்டைப்பெட்டி. தாளின் கீழே ஹாஸ்டல் மேட்ரனும் நம் சகோதரி ஒருவரும் கையெழுத்துப் போட்டார்கள், அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. காணாமல் போனது ஓர் இஸ்திரிப் பெட்டியும் குடையும் மட்டும். பெட்டிகள் நம் மக்தப் அறையில் இருந்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் லாரி பார்சலில் ஊர் போய்ச் சேர்ந்தன.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. அடையாறு பக்கம் ஒரு பி.ஜி.யில் இருந்த பையனின் அறையை, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே காலி செய்துவிட்டார்கள். சாக்கு மூட்டை கார் ஷெட்டில் கிடந்தது. நாம் போய்ப் பார்த்தபோது மழைத் தண்ணீர் ஏறியிருந்தது. துணி இருந்தது, புத்தகம் ஊறியிருந்தது, மார்க்ஷீட் வைத்திருந்த ஃபைல் மட்டும் இல்லை. இனி அவன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வாங்கி, படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்து, நகல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலை காத்திருக்குமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். காலி செய்தவரிடம் கேட்டோம். "நாங்க எதையும் எடுக்கலையே" என்றார். எடுத்தார் என்று நாமும் சொல்லவில்லை. எழுதி வைக்கவில்லை, கூப்பிட்டுச் சொல்லவில்லை. அந்த அலட்சியம்தான் குற்றம்.

பிள்ளையின் பெட்டியை எடுக்க வரும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். கிளம்புவதற்கு முன் வார்டனிடம் பேசி நாளும் நேரமும் கேட்டு, அதை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போய் நின்றுகொண்டு 'வளாகத்துக்குள் அனுமதியில்லை' என்று திரும்பக் கூடாது. சிகிச்சை மையமாக மாறிய விடுதியென்றால் பொருட்கள் இப்போது எங்கே இருக்கின்றன, எந்தத் தேதியில் யார் முன்னிலையில் மாற்றினார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மெஸ் பாக்கி, வாடகை பாக்கி என்று சொல்லி ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. பாக்கி உண்மையாக இருந்தால் கொடுத்துவிடுவோம், அது கடன். ஆனால் அதற்கு ஈடாகப் பிள்ளையின் மார்க்ஷீட்டைப் பிணையாக்குவது வேறு விஷயம்.

வருகிறவர்கள் ஒருவர் வந்தால் போதும். நோய் பரவும் காலத்தில் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கூட்டி வர வேண்டாம். பிள்ளையே வந்தால் நல்லது, எது தன்னுடையது என்று அவனுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கட்டில் பையன் வெளி மாநிலத்தவனாக இருந்தால், அவன் பொருளும் அங்கேயே கிடந்தால், அவனுக்கு ஒரு வீடியோ கால் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். அசாமிலும் பீகாரிலும் இருந்த பிள்ளைகள் அப்போது வருவது எளிதாக இருக்கவில்லை.

கல்லூரி நிர்வாகங்களிடம் நாம் கேட்பதும் அதிகமில்லை. மாணவரைக் கூப்பிட்டுச் சொல்லாமல் பூட்டைத் தொடாதீர்கள். தொட வேண்டி வந்தால் அவர் போனில் பார்க்கட்டும், பட்டியல் எழுதுங்கள், இருவர் கையெழுத்திடுங்கள். மாணவியர் அறையென்றால் பெண் ஊழியர்களை அனுப்புங்கள். நாலு அறைக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளுக்கும் இதையே சொல்கிறோம். அவற்றின் மீதும் முறையீடுகள் வந்திருக்கின்றன, அமானிதத்தைப் பற்றி மேடையில் பேசுகிற நமக்கு அது கூடுதல் வெட்கம்.

சென்னையின் ஜமாஅத்துகள் 2020 ஊரடங்கில் உணவு கொடுத்தன, ஜனாஸாக்களை அடக்கின, ஆம்புலன்ஸ் ஓட்டின. அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. பாடம் நடக்காமல் மூடிக் கிடந்த மக்தப் அறைகள் பல மஹல்லாக்களில் இருந்தன. அதில் ஒன்றை வெளியூர் மாணவர்களின் பெட்டிகளுக்கு மூன்று மாதம் ஒதுக்கினால், மாதக் கடைசிக்கு அஞ்சி அழும் பிள்ளைகளுக்கு அது பேருதவி. சாமான் யாருடையது என்று மதம் பார்க்க வேண்டியதில்லை. நம் அறையில் இருந்த பெட்டிகளில் மூன்று, திருநெல்வேலிப் பக்கத்துச் சகோதர சமயப் பிள்ளைகளுடையவை. ஒரு நோட்டில் பெயர், போன் எண், பெட்டி எண்ணிக்கை, வாங்கிய தேதி எழுதி வைத்தோம். அதற்கு மேல் செலவு ஒன்றும் ஆகவில்லை.

அந்த அறையில் இப்போது இரண்டு பெட்டிகள் மீதி இருக்கின்றன. ஒன்றுக்குரிய பையன் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மற்றொன்றின் எண்ணுக்கு நான்கு முறை அழைத்தும் பதில் இல்லை. அவனுடைய கல்லூரி வழியாக வீட்டு முகவரி கேட்டிருக்கிறோம்.